பதினொரு தடவை விழுந்த விமானம்

விமானம் நாற்பது அடி உயரத்தில் வந்துகொண்டிருந்தது. இரண்டு என்ஜின்களும் செத்துப்போய்விட்டன. கீழே வாவி. எனக்கு முன்னாலிருந்த மானிகளில் ஒன்றுகூட நல்ல செய்தி சொல்லவில்லை.

“டேய் பிரதீஸ், வலப்பக்கம் திருப்பாத!” என்று கத்தினார் கேதீஸ்வரி அக்கா.

நான் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். “நான் ஒண்டையும் தொடல்ல அக்கா. அதுவாத் திரும்புது.”

அது திரும்பியேவிட்டது. வலது இறக்கை தண்ணீரைத் தொட்டது. ஒரு குலுக்கல், காதைப் பிளக்கும் சத்தம், பிறகு திரை முழுக்கக் கறுப்பு. கறுப்பின் நடுவே வெள்ளை எழுத்தில் ஒரேயொரு வரி வந்தது: பயணிகள் 162. பிழைத்தோர் 0.

“இது பதினோராவது பதிவு,” என்றார் பின்னால் நின்ற மஜீட் நானா. “பதினொண்டும் இப்பிடித்தான் மிஸ். ஒரே இடம், ஒரே திரும்பல். ஒருத்தரும் மிஞ்சல்ல.”

நான் மட்டும் மிஞ்சி, வலப்பக்க ஆசனத்திலிருந்து எழுந்து வெளியே வந்தேன். முதுகு நனைந்திருந்தது. அது காத்தான்குடியில் ஆற்றங்கரைப் பக்கம் (அங்கே வாவிக்கு ஆறு என்றுதான் பேர்) இருக்கும் மஜீட் நானாவின் வீட்டு மேல்மாடி. மனிதர் வளைகுடா நாடொன்றில் இருபத்திரண்டு வருடம் விமானம் திருத்தியவர். ஊர் திரும்பியதும் மற்றவர்கள் கடை கட்டினார்கள். இவர் விமானத்தின் மூக்கைக் கட்டினார். பழைய ஆசனம் இரண்டு, ஒட்டுப்பலகை, ஐந்து கொம்பியூட்டர், சுற்றிவர மூன்று பெரிய திரை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் நீங்கள் நூற்று அறுபத்திரண்டு பேரின் உயிருக்குப் பொறுப்பான விமானி. சனி ஞாயிறில் பத்துப் பதினைந்து பேர் வந்து பழகுகிறார்கள்.

கேதீஸ்வரி அக்கா காப்புறுதிக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் இருந்தவர். எரிந்த கடை தானாக எரிந்ததா, யாராவது எரித்தார்களா என்று போய்ப் பார்த்து எழுதுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை, ஆகவே துப்பறிகிறார். அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்குவது, கொம்பியூட்டரைப் பார்ப்பது, தேவையில்லாத இடத்தில் வாய் திறப்பது ஆகிய மூன்றும் என் வேலை. மூன்றாவதற்குச் சம்பளம் கிடையாது.

“கடிதத்தை இன்னொருக்கா தாங்க,” என்றார் அக்கா.

மஜீட் நானா சட்டைப் பையிலிருந்து போட்டோப் பிரதி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை பொலிசுக்குப் போன மொட்டைக் கடிதம் அது. நான் எட்டிப் பார்த்தேன்.

‘காத்தான்குடியில் விமானம் ஓட்டப் பழக்கும் இடத்தில் ஒருவர் காலையில் வந்து விமானத்தை ஆற்றில் விழுத்திப் பழகுகிறார். பதினொரு தடவை விழுத்திவிட்டார். ஏதும் நடக்குமுன் அந்த இடத்தைப் பூட்டிவிடுங்கள்.’

பேர் இல்லை, ஊர் இல்லை. நேற்றுப் புதன்கிழமை பொறுப்பதிகாரி மஜீட் நானாவைக் கூப்பிட்டிருக்கிறார். மரியாதையான மனிதர்தானாம். ஆனால் அவர் சொன்னது இதுதான்: வியாழன் பின்னேரம் நான்கு மணிக்குள் யார் ஓட்டினார், எதற்கு ஓட்டினார் என்று எழுத்தில் வேண்டும். வராவிட்டால் விசாரணைக் கோவை திறக்க வேண்டிவரும். கோவை திறந்தால், குற்றம் ஏதுமில்லை என்று உங்கள் மகன் கேட்டிருக்கும் பொலிஸ் ரிப்போட் நின்றுவிடும்.

மகன் இஷாமுக்கு இருபது வயது. வெளிநாட்டு விமானிக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை, அதாவது நாளைக்கு, அந்த ரிப்போட் போய்ச் சேராவிட்டால் இடம் வேறொருவருக்கு. நேற்று மாலைதான் மஜீட் நானா முதன்முதலாகப் பதிவுகளைத் திறந்து பார்த்திருக்கிறார். பதினொரு பதிவும் இஷாமின் கடவுச்சொல்லில் இருந்தன.

“குண்டுவெடிப்புக்குப் பிறகு ஊர் நிலவரம் தெரியுந்தானே மிஸ். எங்கட பொடியன்ட பேர் ஒருக்கா அந்தப் பேப்பர்ல ஏறினா, மறுகா இறங்காது.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அவன் வாய் திறக்கிறான் இல்ல. சொல்ல வெக்கமா இரிக்கு. எனக்கே என்ட மகனைப் பாக்கப் பயமா இரிக்கு.”

அதைச் சொல்லிவிட்டு அவர் அறையின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடக்கத் தொடங்கினார். மணி பன்னிரண்டரை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அக்கா என்னைப் பார்த்தார், நான் பார்ப்பதை நிறுத்தினேன்.

வாசல் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, தேநீர்த் தட்டை முக்காலியில் வைத்துவிட்டு மறைந்தது. மஜீட் நானாவின் மனைவி ஸாலிஹா. வந்த அரை மணித்தியாலத்துக்குள் இது மூன்றாவது பிளேன்டீ.

“இந்த ஊட்ட விமானத்தைவிடத் தேத்தண்ணி ஒழுங்கா இறங்குது,” என்றேன், வீட்டை ஊடு என்னும் அவர்கள் பேச்சிலேயே.

இஷாம் ஜன்னலடியில் நின்றான். நல்ல உயரம். விமான மூக்கின் கதவுக்குள் நுழையக் குனிய வேண்டும்.

“மகன், ஓட்டினது நீங்களா?” என்று கேட்டார் அக்கா.

“என்ட பாஸ்வேட் மிஸ்.”

“நான் பாஸ்வேட்டைக் கேக்கல்ல.”

“வாக்குக் குடுத்திட்டன்.”

“யாருக்கு?”

“அதையும் சொல்லமாட்டன் எண்டுதான் வாக்கு.”

“ஓட்டை இல்லாமக் கட்டின வாக்கு,” என்றேன். “இவர விமானியா விடாம வக்கீலா விடுங்க நானா.”

அக்கா என்னைக் கண்டுகொள்ளாமல் மூக்குக்குள் போய் இடப்பக்க ஆசனத்தில் அமர்ந்தார். விமானியின் ஆசனம். காலை நீட்டினார். மிதிகட்டை இரண்டும் பாதத்துக்குச் சரியாக வந்தன.

“மஜீட் நானா, இந்த சீட்டை நேற்றிலிருந்து யாரும் அசைச்சதா?”

“இல்ல மிஸ். கூப்பிட்ட நேரத்திலிருந்து அறை பூட்டு. திறப்பு என்ட கையில.”

“நான் அஞ்சடி. எனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு. உங்கட மகன்?”

“ஆறடி ஒரு அங்குலம்.”

“அவர் இதில இருந்தா முழங்கால் நாடியில முட்டும்.” அக்கா தலையை வெளியே நீட்டினார். “பிரதீஸ், அந்தப் பதிவில மேல கூரையில ஒரு பொத்தான் அமத்தினதா வருமெண்டாய். எத்தனை மணிக்கு?”

நான் கொம்பியூட்டரில் தேடினேன். விமானத்தின் அடிப்பக்கத் துவாரங்களைத் தண்ணீர் புகாமல் மூடும் பொத்தான். தண்ணீரில் இறக்குமுன் கட்டாயம் அமத்த வேண்டும். வலப்பக்க ஆசனத்துக்கு மேலே இருக்கிறது. அமத்திய அதே செக்கனில் இடப்பக்கத்து ஓட்டுபிடி இரண்டு கையாலும் இழுத்த மாதிரி ஆடியிருந்தது.

“இடப்பக்கம் இருந்தவருக்கு மூண்டாவது கை முளைச்சிருக்கோணும்,” என்றேன்.

“இல்லாட்டி வலப்பக்கம் இன்னொராள் இருந்திருக்கோணும்.”

மஜீட் நானா நடப்பதை நிறுத்தினார். “முறை அதுதான் மிஸ். ஆபத்து எண்டா ஒராள் ஓட்டும், மற்றாள் செக்லிஸ்டை வாசிச்சு ஒவ்வொண்டாச் செய்யும். ரெண்டு பேரும் ஒரே வேலையில கை வெச்சா ரெண்டும் கெட்டுப் போகும். நான் பிள்ளையளுக்கு முதல் நாளே சொல்லிக் குடுக்கிற பாடம்.”

“அப்ப உங்கட மகன் பாடம் ஒழுங்காப் படிச்சிருக்கார். வாசிச்சது அவர். ஓட்டினது கட்டையான வேறொராள்.”

இஷாமின் காது சிவந்தது. வாய் மட்டும் அசையவில்லை. ஒரு பொடியன் இவ்வளவு நேரம் பேசாமல் இருப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு அது மூச்சடக்குவது போல.

அக்கா அடுத்ததாக நாட்களைக் கேட்டார். மூன்று கிழமைக்குள் பதினொரு பதிவு. எல்லாம் விடிய ஐந்து நாற்பதுக்கும் ஆறரைக்கும் இடையில். அந்த நேரத்தில் மஜீட் நானா விடிகாலைச் சுபஹ் தொழுகைக்குப் பள்ளிவாசல் போய், அப்படியே மீன் வாங்கிக்கொண்டு ஏழு மணிக்குத்தான் வருவார். சனி ஞாயிறில் காலையிலேயே மாணவர்கள் வருவதால் பதிவு இல்லை. அதற்கு மேல் ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் விடுபட்டிருந்தது.

“அண்டைக்கு என்ன?”

மஜீட் நானா யோசித்தார். “அண்டைக்கு எனக்குக் காய்ச்சல். ஊட்டதான் படுத்துக் கிடந்தன்.”

“பொலிசுக்கு ஒளிக்கிறவன் வாப்பாவுக்குக் காய்ச்சலா எண்டு பாக்கமாட்டான்,” என்றார் அக்கா. “இது ஊருக்கு ஒளிச்ச விசயமில்ல. உங்களுக்கு ஒளிச்ச விசயம்.”

மஜீட் நானாவின் முகத்தில் பயம் கொஞ்சம் இறங்கி, அந்த இடத்தில் கோபம் ஏறியது. அதுவும் ஒரு முன்னேற்றம்தான். மணி ஒன்றரை.

நான் பதிவை மறுபடி ஓட்டினேன். தெற்கே களுவாஞ்சிக்குடிக்கு மேலே ஐயாயிரம் அடியில் இரண்டு என்ஜினும் நிற்கும். மட்டக்களப்பு ஓடுபாதை இவ்வளவு பெரிய விமானத்துக்குப் போதாது. ஆகவே வாவிதான் கதி. ஓட்டியவர் முட்டாள் இல்லை. வேகத்தைக் காத்து, இறக்கையை நேராக்கி, அழகாகத்தான் இறங்கி வருகிறார். கடைசி நாற்பது அடியில்தான் கிறுக்குப் பிடிக்கிறது. சட்டென்று வலப்பக்கம் வெட்டுகிறார்.

“முன்னுக்கு ஒண்டுமே இல்லையே,” என்றேன். “நீலத் தண்ணி. கண்ணாடி மாதிரிக் கிடக்கு. என்னத்துக்குப் பயந்து திருப்புறார்?”

அக்கா திரையை அந்த இடத்திலேயே நிறுத்தச் சொன்னார். பிறகு என்னைக் காதைப் பிடிக்காத குறையாக ஜன்னலடிக்குக் கூட்டிப் போனார். வெளியே நிஜ வாவி, வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. அக்கரையில் வவுணதீவுப் பக்கத்துப் பனைகள்.

“திரையில அந்த மரக்கூட்டம் தெரியுதா? அதுக்கு நேர கிழக்கால, இதில, என்ன இருக்கு?”

பார்த்தேன். தண்ணீரில் வரிசை வரிசையாகக் கம்புகள் நட்டிருந்தன. வலை கட்டும் கம்புகள். ஐம்பது அறுபது இருக்கும்.

நான் திரையைத் திரும்பிப் பார்த்தேன். “கொம்பியூட்டர்த் தண்ணியில கம்பு இல்ல.”

“ஓம். ஆனா ஓட்டினவருக்குக் கம்பு தெரியுது. கண்ணை மூடினாலும் தெரியுது.” அக்கா திரும்பினார். “மஜீட் நானா, அந்தக் கம்பு யாருடையது?”

அவர் முகம் கறுத்தது. “என்ட மச்சான் ஆதம்பாவாட. என்ட பொஞ்சாதிட காக்கா.” காக்கா என்றால் அங்கே அண்ணன். பிறகு கத்தவே செய்தார். “அவன்தான்! இந்த விமான வேலை தொடங்கின நாளிலிருந்து அவனுக்குப் பிடிக்காது. ஆளும் கட்டை! என்ட மகனைப் பிடிச்சு என்ட ஊட்டுக்குள்ளேயே வந்து—”

“போனைப் போடுங்க.”

போட்டார். ஒலிபெருக்கியில் ஆதம்பாவாவின் கரகரத்த குரல் வந்தது. அக்கா சுற்றி வளைக்காமல் கேட்டார்: விடிய ஐந்து நாற்பதிலிருந்து ஆறரை வரைக்கும் எங்கே இருப்பீர்கள்?

“எங்க இரிப்பன்? அந்தக் கம்புக்குள்ளதான் இரிப்பன்,” என்றார் அவர். “அஞ்சரைக்குத் தோணி தள்ளினா வலை கிளப்பி முடிய ஏழு மணி. நாப்பது வருசமா அதுதான். எங்கட வாப்பாட இடம் அது. நானும் தங்கச்சியும் சின்ன வயசில நெஞ்சளவு தண்ணியில நிண்டு நட்ட கம்பு. என்ன விசயம்? பொலிசு கம்பைப் பிடுங்கச் சொல்லுதா?”

“இல்ல காக்கா. உங்கட கம்பு நல்லா இருக்கட்டும்,” என்று அக்கா போனை வைத்தார்.

மஜீட் நானா தளர்ந்துபோய் முக்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார். தேநீர்த் தட்டுகள் அடுக்கியிருந்த முக்காலி அது. வெற்றுக் கோப்பைகள் கிலுகிலுத்தன. நான் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். ஒரு மணித்தியாலத்துக்குள் ஐந்து சுற்று வந்திருந்தது. கடைசியாக எப்போது வந்தது?

“பிரதீஸ்,” என்றார் அக்கா மெல்ல, “தேத்தண்ணி நிண்டு போச்சு, கவனிச்சியா?”

வாசல் திரை அசைந்தது. காற்று இல்லை.

அக்கா திரையைப் பார்த்துச் சொன்னார்: “தங்கச்சி, உள்ளுக்கு வாங்க. சீட் உங்கட அளவுக்குத்தான் கிடக்கு.”

திரை விலகியது. ஸாலிஹா உள்ளே வந்தார். கட்டையான, மெலிந்த பெண். முக்காட்டைச் சரிசெய்தார். இஷாம், “உம்மா, நான் சொல்லல்ல,” என்றான்.

“தெரியும் மகன்.”

மஜீட் நானா மனைவியையும் விமானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “நீயா? நீ இதை ஓட்டினியா? இந்த அறைப் பக்கமே வரமாட்டாயே!”

“நீங்க ஊட்ட இரிக்கக்குள்ள வரமாட்டன். வந்து கேட்டா நீங்க சிரிப்பீங்க.” அவர் கணவரைப் பார்க்கவில்லை. அக்காவிடம்தான் பேசினார். “இவனிட்ட கேட்டன் மிஸ், ரெண்டு என்ஜினும் நிண்டா என்ன செய்வாய் எண்டு. அதுக்கு முறை இரிக்கு உம்மா, பழகித்தான் போறம் எண்டான். நீ சொல்லி நம்பமாட்டன், என்ட கையால பாக்கணும் எண்டன். வாப்பாக்குச் சொல்லாத எண்டு வாக்கு வாங்கினன். இவன் பக்கத்தில இருந்து வாசிச்சுத் தந்தான். நான் ஓட்டினன்.”

மஜீட் நானா சிரிக்கத் தொடங்கினார். பயம் போன மனிதனின் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்தது. “மிஸ், எழுதுங்க! என்ட பொஞ்சாதி பழகிப் பாத்தா எண்டு எழுதுங்க. மணி ரெண்டுதான். நாலு மணிக்கு முதல் குடுத்திடலாம். முடிஞ்சுது!”

நானும் பையை எடுத்தேன். வழக்கு முடிந்தால் மதியச் சோறு, அதுதான் எங்கள் ஒப்பந்தம். அக்கா அசையவில்லை.

“ஓட்டினவர் கிடைச்சிட்டார். எழுதினவர்?”

“மொட்டைக் கடிதமா? யாரோ பொறாமை பிடிச்சவன்,” என்றார் மஜீட் நானா.

“பொறாமை பிடிச்சவனுக்குப் பதினொண்டு எண்டு எப்பிடித் தெரியும்?” அக்கா போட்டோப் பிரதியை முக்காலியில் வைத்தார். “கடிதம் செவ்வாய்க்கிழமை போயிருக்கு. நீங்க பதிவைத் திறந்தது புதன்கிழமை. அதுக்கு முதல் இந்தக் கணக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு பேருக்குத்தான். வாசிச்சவருக்கும் ஓட்டினவருக்கும். வாசிச்சவர் தன்ட ரிப்போட்டில தானே மண் போடமாட்டார்.”

மஜீட் நானாவின் சிரிப்பு பாதியில் நின்றது. இஷாம் ஜன்னலை விட்டுத் திரும்பினான்.

“உம்மா?”

ஸாலிஹா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இடத்தைப் பூட்டுவாங்க எண்டுதான் நினைச்சன்,” என்றார். “பூட்டினா இவன் பழக ஏலாது, பழகாட்டி அங்க போய்த் தோத்திட்டுத் திரும்பி வந்திடுவான் எண்டு நினைச்சன். ரிப்போட்டை நிப்பாட்டுவாங்க எண்டு எனக்குத் தெரியா மிஸ். அல்லாஹ் மேல ஆணை, தெரியா. நேத்து இவர் வந்து சொன்ன நேரத்திலிருந்து என்ட நெஞ்சு ஒரு இடத்தில நிக்கல்ல.”

“ஏன் உம்மா?” இஷாம் தாயின் பக்கத்தில் குந்தினான். “நான்தான் இறக்கிக் காட்டினனே. பதிவில ஏறாம மூணு தரம் காட்டினன். எல்லாரும் பிழைச்சாங்க.”

“நீ நேராப் போய் இறக்கினாய். உனக்கு அது வெறுந்தண்ணி. அந்த நேரம் அதுக்குள்ள என்ட காக்கா நிக்கிறான் மகன்! நான் எப்பிடி அவன்ட தலைக்கு மேல கொண்டு போய் இறக்குவன்? திருப்பாம விட ஏலாது. திருப்பினா எல்லாரும் முடிஞ்சுது. பதினொரு நாள். நூத்தி அறுவத்திரண்டு பேர், ஒவ்வொரு நாளும். புட்டு அவிக்கக்குள்ளயும் அந்த நம்பர்தான் கண்ணுக்குள்ள. ஒரு உம்மாவால செய்ய ஏலாத வேலைக்குப் பிள்ளையை அனுப்பச் சொல்லுறீங்க.”

அந்த அம்மாவின் மேல் கோபம் வந்திருக்க வேண்டும்; வந்தது பயம்தான், அவருடைய பயம், அப்படியே எனக்கும் ஒட்டிக்கொண்டது.

“உம்மா, வேணாம் எண்டா நான் போகல்ல,” என்றான் இஷாம்.

“இவன் போகாட்டியும் அந்தக் கடிதம் பொலிசில கிடக்கும்,” என்றார் அக்கா. “உங்கட பேரைப் போட்டு நீங்க எழுதிக் குடுத்தாத்தான் இவன்ட பேர் துப்புரவாகும் தங்கச்சி.”

“எழுதினா இவன் போயிடுவான்.”

“ஓம். போயிடுவான்.”

மணி இரண்டரை. அக்கா தரையில் ஸாலிஹாவுக்கு எதிரே சப்பணம் கட்டி உட்கார்ந்தார். எரிந்த கடைக்காரர்களிடம் பேசும்போது அவர் இப்படித்தான் உட்காருவார்.

“உங்கட வாப்பா கம்பு நட்ட இடம் உங்களுக்கு மனப்பாடம். அவர் நடாத இடம் ஒண்டு இருக்குமே?”

ஸாலிஹா நிமிர்ந்தார். “நடாத இடமா?”

“ஆறு முழுக்க நட்டா மற்றாக்கள் எப்பிடிப் போறது?”

“தோணிப் பாதை,” என்றார் அவர், ஏதோ கனவிலிருந்து பேசுவது போல. “அக்கரைப் பக்கமா, தெற்கால இருந்து டவுன் வரைக்கும் நீட்டுக்குப் போகும். ஆழமான இடம். அதில ஒருத்தரும் கம்பு நடுறல்ல. எங்கட ஆக்களும் நடுறல்ல, அக்கரைத் தமிழாக்களும் நடுறல்ல. நட்டா ரெண்டு பக்கத்தாரும் வந்து பிடுங்கிப் போடுவாங்க.”

“அப்ப ஏன் அதில இறக்கல்ல?”

ஸாலிஹா ஜன்னல் பக்கம் திரும்பினார். “மேலால வரக்குள்ள எனக்குக் கம்பு மட்டும்தான் தெரிஞ்சது மிஸ். பாதை ஞாபகத்தில வரல்ல.”

அவர் எழுந்தார். முக்காட்டு நுனியை இடுப்பில் செருகினார். யாரிடமும் கேட்காமல் மூக்குக்குள் போய் இடப்பக்க ஆசனத்தில் ஏறினார். “இஷாம், வந்து வாசி.”

பன்னிரண்டாவது தடவை. நானும் அக்காவும் மஜீட் நானாவும் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றோம். களுவாஞ்சிக்குடிக்கு மேலே ஐயாயிரம் அடி. முதலில் இடது என்ஜின் நின்றது, பிறகு வலது. எச்சரிக்கை மணி அலறியது. எனக்கு இது பொய் விமானம் என்பது மறந்தே போயிற்று.

“வேகம்,” என்றான் இஷாம். குரல் மாறியிருந்தது. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“இரிக்கு.”

“திரும்ப இயக்கிப் பாக்கிறன். இடது, இல்ல. வலது, இல்ல. ஆபத்து, மேடே எண்டு சொல்லிட்டன். தண்ணியில இறக்குறம்.”

“இறக்குறம்.”

இரண்டாயிரம் அடியில் கீழே வாவி விரிந்தது. ஸாலிஹாவின் உதடு அசைந்தது. அவர் அப்போதே, அவ்வளவு உயரத்திலேயே, விமானத்தை மெல்ல இடப்பக்கம் கொண்டு போனார். அக்கரையோரம். திரையில் அங்கேயும் அதே நீலத் தண்ணீர்தான். ஆனால் திரையில் இல்லாத கம்புகளுக்கு வெளியே, திரையில் இல்லாத பாதையில் அவர் விமானத்தை நேராக்கினார்.

“சக்கரச் சில்லு மேல. துவாரம் மூடியாச்சு. ஆக்களைக் குனிஞ்சு தலையைப் பிடிக்கச் சொல்லிட்டன்.”

“ம்.”

“நூறு அடி. உம்மா, நல்லா வாறீங்க. அம்பது. நாப்பது.”

நாற்பதில் நான் என்னையறியாமல் வலப்பக்கம் சாய்ந்தேன். மஜீட் நானா என் தோளைப் பிடித்து நசுக்கினார். ஸாலிஹா திருப்பவில்லை.

“முப்பது. மூக்கைக் கொஞ்சம் தூக்குங்க. இருபது. பிடிச்சிருங்க, பிடிச்சிருங்க.”

திரை குலுங்கியது. தண்ணீர் கண்ணாடியில் அடித்தது. ஒரு நீண்ட உராய்வு, அதன் பின் இன்னொன்று. பிறகு எல்லாம் நின்றது. கறுப்பின் நடுவே வரி வந்தது: பயணிகள் 162. பிழைத்தோர் 162.

ஸாலிஹா அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு ஓட்டுபிடியில் நெற்றியை வைத்து அழுதார். இஷாம் செக்லிஸ்டை மடியில் வைத்துக்கொண்டு தாயின் முதுகைத் தடவினான். மஜீட் நானாதான் முதலில் பேசினார். “நான் சிரிச்சிருக்கப்படாது,” என்றார். இருபத்திரண்டு வருடம் விமானம் திருத்தியவருக்கு அதைத் திருத்தத் தெரியவில்லை, கதவடியிலேயே நின்றார்.

மூன்று பத்துக்கு ஸாலிஹா பேனா கேட்டார். அக்கா சொல்லிக் கொடுக்க முயன்றார், அவர் கையமர்த்திவிட்டுத் தானே எழுதினார்.

‘ஐயா, விமானத்தை ஆற்றில் விழுத்தியது நான். உங்களுக்குக் கடிதம் எழுதியதும் நான். பிள்ளையை அனுப்பப் பயந்து எழுதினேன். பன்னிரண்டாம் தடவை எல்லோரும் பிழைத்துவிட்டார்கள். என் மகன் மேல் பிழை இல்லை. அவனுடைய ரிப்போட்டைக் கொடுத்துவிடுங்கள். தண்டனை ஏதும் இருந்தால் எனக்குத் தாருங்கள். ஆ. ஸாலிஹா.’

“இப்பிடிப் பொலிசுக்கு எழுதுறதா?” என்றேன் அக்காவின் காதில்.

“இதைவிட ஒழுங்கா யாரும் எழுதினதை நான் இருபத்தாறு வருசத்தில காணல்ல. மோட்டார் சைக்கிளை எடு.”

மூன்று இருபது. மஜீட் நானா கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்து, பையைக் கையால் பொத்திக்கொண்டு என் பின்னால் ஏறினார். ஏறிய பிறகுதான் ஹெல்மெட் ஞாபகம் வந்தது. இறங்கி மறுபடி மாடிக்கு ஓடினேன்.

விமானத்தின் மூக்குக் கதவு திறந்திருந்தது. ஸாலிஹா உள்ளே முழங்காலில் நின்று, இடப்பக்க ஆசனத்துக்கு அடியில் கையை விட்டு எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். இஷாம் குனிந்து பார்த்தான்.

“என்ன தேடுறீங்க உம்மா?”

“இந்தச் சீட் எப்பிடிடா பின்னுக்குப் போற? எந்தக் கம்பியை இழுக்கணும்?”

“என்னத்துக்கு?”

அவர் நிமிரவில்லை. கையை இன்னும் உள்ளே விட்டுத் துழாவினார்.

“உனக்குக் கால் நீளம் மகன்.”